திரும்பி வந்த டாக்டர், திருப்தியடையாத ரசிகர்: நெல்லைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டை, வண்ணார்பேட்டை, அம்பாசமுத்திரம், வள்ளியூர் என்று சிதறிக் கிடக்கும் ஒரு சிறு கூட்டம் எங்களுடையது. கல்லூரி மாணவர்கள், ஓய்வுபெற்ற வாத்தியார்கள், மகேந்திரகிரி ராக்கெட் என்ஜின் சோதனை நிலையத்தில் வேலை பார்க்கும் இரண்டொருவர் சேர்ந்து 'டாக்டர் ஹூ' பார்க்கிறோம். ஒரு அத்தியாயம் முக்கால் மணி நேரம் என்றால், அதைப் பற்றிய சண்டை இரண்டு மணி நேரம். புதிதாக வருகிறவர்கள் தொடரைப் பற்றிக் கேட்பதைவிட இந்தச் சண்டையைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். பதில்கள் என் பொறுப்பு. கூட்டத்தில் பாதிப் பேர் இவற்றை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

ஒன்றும் தெரியாதவருக்கு ஒரு பத்தியில் சொல்ல முடியுமா?

பிபிசி 1963 நவம்பர் 23 அன்று தொடங்கிய அறிவியல் புனைகதைத் தொடர். டாக்டர் என்று மட்டும் பெயர் சொல்லிக்கொள்ளும் வேற்றுக்கிரகவாசி ஒருவர், காலத்திலும் விண்வெளியிலும் பயணம் செய்கிறார். வாகனம், வெளியே பார்த்தால் நீல நிறப் போலீஸ் தொலைபேசிக் கூண்டு; உள்ளே போனால் முடிவில்லாத அறைகள். அதன் பெயர் டார்டிஸ். சாகும் நிலை வந்தால் அவர் உடல் புதிதாக மாறிவிடும், அதாவது நடிகர் மாறிவிடுவார். முதல் கதையை இயக்கிய வாரிஸ் ஹுசைன் லக்னோவில் பிறந்தவர். தயாரித்தவர் வெரிட்டி லாம்பெர்ட் என்ற இளம்பெண். 1989 டிசம்பரில் தொடர் நின்றது. 2005 மார்ச் 26 அன்று திரும்பி வந்தது. இந்தப் பக்கத்தின் விஷயம் அந்தத் திரும்பி வருதலும் அதற்கு ரசிகர்கள் கொடுத்த வரவேற்பும்தான்.

எங்கள் காலத்தில் 'ஸ்டார் டிரெக்' அல்லவா பார்த்தோம்?

ஆமாம். எண்பதுகளில் தூர்தர்ஷன் தெளிவாகக் கிடைத்த ஊர்களில் ஞாயிறு காலையில் அது வந்தது. கடலோரத்தில் இருந்தவர்கள் ஆன்டெனாவை இலங்கைப் பக்கம் திருப்பி ரூபவாகினி பார்த்தார்கள். 'ஸ்டார் டிரெக்' 1969-இல் 79 அத்தியாயங்களோடு நின்று, 1987-இல் புதுக் கப்பல், புது ஆட்களோடு தொலைக்காட்சிக்குத் திரும்பியது. அங்கேயும் பழைய ரசிகர்கள் முகம் சுளித்தார்கள். கதாநாயகன் வழுக்கைத் தலையர் என்பதுகூட ஒரு குற்றச்சாட்டு. ஆனால் அது வேறு ஆட்களை வைத்து அதே உலகத்தில் நடந்த கதை. டாக்டர் விஷயத்தில் திரும்பி வந்தது அதே ஆள். அதனால்தான் தகராறு பெரிது.

தொடர் ஏன் நின்றது?

பார்ப்பவர்கள் குறைந்தார்கள், மேலிடத்துக்குப் பிடிக்காமல் போனது. 1985-இல் பிபிசியின் முதல் அலைவரிசைக்குப் பொறுப்பாக இருந்த மைக்கேல் கிரேட் தொடரைப் பதினெட்டு மாதம் நிறுத்திவைத்தார். ரசிகர்கள் எதிர்ப்புப் பாட்டு ஒன்றை இசைத்தட்டாகவே வெளியிட்டார்கள். அதைக் கேட்டால் மைக்கேல் கிரேட் பக்கம் நியாயம் இருக்குமோ என்று தோன்றும். அவ்வளவு மோசமான பாட்டு. 1989-இல் முறையான அறிவிப்பு எதுவும் இல்லாமல் அடுத்த வருடத் தொடர் எடுக்கப்படாமலே விடப்பட்டது. 1996-இல் அமெரிக்கக் கூட்டுத் தயாரிப்பாக ஒரு தொலைக்காட்சிப் படம் வந்தது. பால் மெக்கான் எட்டாவது டாக்டர். பிரிட்டனில் நன்றாகவே பார்த்தார்கள், அமெரிக்காவில் எடுபடவில்லை. அத்தோடு சரி. டாக்டர் பாதி மனிதர் என்று அந்தப் படத்தில் ஒரு வசனம் வரும். அதை இன்றுவரை மன்னிக்காதவர்கள் இருக்கிறார்கள்.

இடையில் பதினாறு வருடம் ரசிகர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்?

இதைத் தெரிந்துகொள்ளாமல் 2005-இல் நடந்த எதுவும் புரியாது.

முதலில் அதற்கும் முந்தைய ஒரு சங்கதி. அறுபதுகளில் ஒளிபரப்பான அத்தியாயங்களின் நாடாக்களைப் பிபிசியே அழித்துவிட்டது. நாடா விலை அதிகம், மறுஒளிபரப்புக்கு வாய்ப்பு இல்லை, வைக்க இடமில்லை என்பவை காரணங்கள். 90-க்கும் மேற்பட்ட அத்தியாயங்களுக்குப் படம் கிடையாது. ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒலி இருக்கிறது. எப்படி? அந்தக் காலத்துச் சிறுவர்கள் தொலைக்காட்சிப் பெட்டியின் பக்கத்தில் ஒலிவாங்கியை வைத்து டேப் ரிக்கார்டரில் பதிவு செய்து வைத்திருந்தார்கள். நிறுவனம் குப்பை என்று நினைத்ததை ரசிகர் சொத்து என்று நினைத்தார். பிற்பாடு ரசிகர்கள், 'எங்கள் தொடரை என்ன செய்துவிட்டீர்கள்' என்று கேட்கும்போது, 'எங்கள்' என்பதற்கு ஒரு நியாயம் உண்டு என்று நான் சொல்வது இதனால்தான்.

தொடர் நின்றதும் அதே ஆட்கள் எழுத ஆரம்பித்தார்கள். 1991-இலிருந்து டாக்டரின் புதிய கதைகள் நாவல்களாக வந்தன. 1999-இலிருந்து பிக் ஃபினிஷ் என்ற நிறுவனம் பழைய நடிகர்களையே வைத்து ஒலி நாடகங்கள் வெளியிட்டது. பால் கார்னெல், மார்க் கேடிஸ், ராபர்ட் ஷீர்மன் போன்றவர்கள் அங்கே கைபழகியவர்கள். 2005-இல் தொடரை மீட்டெடுத்த ரஸல் டி. டேவிஸே 1996-இல் ஒரு டாக்டர் நாவல் எழுதியவர். பத்தாவது டாக்டராக வந்த டேவிட் டென்னன்ட், இந்தத் தொடரைப் பார்த்துத்தான் நடிகராக வேண்டும் என்று சிறுவயதில் முடிவு செய்தவர். (ஐந்தாவது டாக்டராக நடித்தவரின் மகளையே பின்னர் மணந்தும் கொண்டார். பக்தி அப்படி.) பன்னிரண்டாவது டாக்டரான பீட்டர் கபால்டி பதினைந்து வயதில் தொடரைப் பற்றி எழுதிய கடிதம் 1974-இல் 'ரேடியோ டைம்ஸ்' இதழில் அச்சானது.

எனக்கு மிகவும் பிடித்தது கிறிஸ் சிப்னலின் கதை. 1986 டிசம்பர். பிபிசியின் பகல்நேர நிகழ்ச்சி ஒன்றில் ரசிகர் சங்கத்தின் சார்பில் பதினாறு வயதுப் பையன் ஒருவன் உட்கார்ந்து, அந்த வருடத் தொடர் மகா மோசம் என்று போட்டுத் தாக்குகிறான். அந்தத் தொடரில் ஒரு பகுதியை எழுதிய தம்பதியும் அதே நிகழ்ச்சியில் இருக்கிறார்கள். அந்தப் பையன்தான் சிப்னல். 2018-இல் தொடரின் தலைமை எழுத்தாளராக வந்து உட்கார்ந்தார். அவருக்கு அப்புறம் என்ன நேர்ந்தது என்பதைக் கீழே பார்க்கலாம்.

2003-இல் அறிவிப்பு வந்ததும் சந்தோஷப்பட்டிருப்பார்களே?

ஒரு நாள் சந்தோஷப்பட்டார்கள். செப்டம்பர் 26 அன்று அறிவிப்பு, மறுநாளிலிருந்து கவலை. வரிசையாகச் சொல்கிறேன். டாக்டராக நடிக்கும் கிறிஸ்டோபர் எக்ளஸ்டனுக்கு நீளத் துணி அங்கியும் கழுத்துச் சால்வையும் இல்லை, வெறும் தோல் ஜாக்கெட். கூடவே வரும் ரோஸ் பாத்திரத்துக்கு பில்லி பைப்பர். அவரோ பள்ளி வயதிலேயே பாப் பாடகியாகப் பிரபலமானவர், நடிக்கத் தெரியுமா? இருபத்தைந்து நிமிடத் துண்டுகளாக வாரக்கணக்கில் நீளும் கதை போய், நாற்பத்தைந்து நிமிடத்தில் முடியும் கதை. 2004-இல், இயந்திரக் கூட்டுக்குள் வாழும் டாக்டரின் பரம எதிரிகளான டாலெக்குகளை உருவாக்கிய டெர்ரி நேஷனின் வாரிசுதாரர்களோடு உரிமைப் பேச்சு முறிந்து, டாலெக்கே வராது என்ற செய்தி வேறு. ஆகஸ்டில் அது சமரசமானது.

ஒளிபரப்புக்குச் சுமார் மூன்று வாரம் முன்பு முதல் அத்தியாயம் இணையத்தில் கசிந்தது. கனடாவில் முறையாகப் பிரதி பெற்றிருந்த ஒரு நிறுவனத்தின் வழியாக வெளியேறியது என்று பின்னர் தெரிந்தது. சிலர் பார்க்க மாட்டேன் என்று சத்தியம் செய்தார்கள், சிலர் பார்த்துவிட்டுத் திட்டினார்கள், சிலர் பார்த்ததை மறைத்து மார்ச் 26 அன்று முதல் தடவை பார்ப்பதுபோல நடித்தார்கள். மூன்றாம் வகையினர் எல்லா ஊரிலும் இருப்பார்கள்.

முதல் இரவு எப்படி இருந்தது?

பிரிட்டனில் ஒரு கோடியே எட்டு லட்சம் பேர் பார்த்தார்கள். கடைகளில் நிற்கும் பிளாஸ்டிக் பொம்மைகள் உயிர்பெற்று ஆட்களைக் கொல்லும் கதை. 1970-இல் வந்த ஒரு டாக்டர் கதையின் வில்லன்களையே டேவிஸ் எடுத்துக்கொண்டார். ஆனால் கதை டாக்டரின் கண் வழியாக நகரவில்லை. துணிக்கடையில் வேலை பார்க்கும் பெண்ணின் கண் வழியாக நகர்கிறது. அவளுக்கு டாக்டர் யார் என்று தெரியாது. அன்று டிவி முன்னால் இருந்த பத்து வயதுப் பிள்ளைக்கும் தெரியாது. பழைய ரசிகருக்கு மட்டும் தெரியும், ஆனால் தெரிந்ததால் அவருக்கு எந்தச் சலுகையும் இல்லை. அவரை வாசலில் நிற்கவைத்துவிட்டுப் பிள்ளைகளை முதலில் உள்ளே அழைத்தார் டேவிஸ். தொடர் பிழைத்தது இதனால்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

எக்ளஸ்டன் ஏன் ஒரே வருடத்தில் போனார்?

முதல் அத்தியாயம் வந்த நான்காவது நாளே அவர் விலகுவதாகச் செய்தி வெளியானது. களைத்துவிட்டார், ஒரே பாத்திரத்தில் முத்திரை குத்தப்பட்டுவிடுவோம் என்று பயப்படுகிறார் என்று பிபிசி சொன்னது. அப்படி அவர் சொல்லவே இல்லை. சில நாட்களில் பிபிசி மன்னிப்புக் கேட்டது. மேலே இருந்தவர்களோடு உறவு முறிந்துதான் போனேன் என்று பல வருடம் கழித்து அவரே சொன்னார். 2021-இல் ஒலி நாடகங்களில் அதே டாக்டராகத் திரும்பியும் வந்தார்.

அந்த வாரம் ரசிகர்கள் போட்ட சத்தம் கொஞ்சநஞ்சம் அல்ல. துரோகம் என்றார்கள், தொடர் முடிந்தது என்றார்கள். டென்னன்ட் வந்த ஆறு மாதத்தில் இவரைப் போல் உண்டா என்றார்கள். 2010-இல் அவர் போய் மேட் ஸ்மித் வந்தபோது மறுபடி தொடர் முடிந்தது. எனக்குத் தெரிந்து இந்தத் தொடர் ஏழெட்டுத் தடவை முடிந்திருக்கிறது.

பழைய ரசிகர்களின் உண்மையான குறைதான் என்ன?

மூன்று. மற்றவை எல்லாம் இவற்றின் கிளைகள்.

முதலாவது, விளையாட்டுத்தனம். முதல் வருடத்திலேயே மனிதத் தோலைப் போர்த்திக்கொண்டு ஓயாமல் வாயுவை வெளியேற்றும் வேற்றுக்கிரகக் குடும்பம் ஒன்று வரும். எங்கள் கூட்டத்து ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் அந்த இடத்தில் எழுந்து மொட்டைமாடிக்குப் போய்விடுவார். அவர் பேரன் விழுந்து விழுந்து சிரிப்பான்.

இரண்டாவது, வீடும் அம்மாவும் காதலும் கண்ணீரும். பழைய டாக்டர் யாரையும் முத்தமிட மாட்டார், அவரோடு போகும் பெண்ணின் அம்மா அவரைக் கன்னத்தில் அறையவும் மாட்டார். புதுத் தொடரில் இரண்டும் நடக்கும். எனக்கு இதில் ஆட்சேபம் இல்லை. பெண்பிள்ளை சொல்லாமல்கொள்ளாமல் ஒரு வருடம் காணாமல் போய்த் திரும்பி வந்தால் எந்த அம்மா அறையாமல் இருப்பாள்? இந்தக் கேள்வியைப் பழைய தொடர் இருபத்தாறு வருடம் கேட்கவே இல்லை என்பதுதான் ஆச்சரியம்.

மூன்றாவது, டாக்டரின் சொந்தக் கிரகமான காலிஃப்ரேயை டேவிஸ் ஒரே வீச்சில் அழித்தது. ஒரு மாபெரும் காலப்போர் நடந்தது, எல்லாரும் செத்தார்கள், டாக்டர் மட்டும் மிச்சம் என்று இரண்டு வரியில் முடித்துவிட்டார். பழைய ரசிகர் பத்து வருடம் படித்து வைத்திருந்த அரசியல் வரலாறு எல்லாம் வீண். ஆனால் கதைக்கு அது பெரிய லாபம். தெரிந்துகொள்ள வேண்டிய பாரம் புதுப் பார்வையாளருக்கு இல்லை, டாக்டருக்கோ ஒரு குற்ற உணர்ச்சி கிடைத்தது. 2013 நவம்பர் 23 அன்று ஐம்பதாவது ஆண்டு அத்தியாயத்தில் கிரகம் தப்பித்தது. அதற்கும் திட்டினார்கள்: அழிந்ததை எதற்கு மீட்டீர்கள்?

எந்த அத்தியாயம் பழையவர்களைச் சமாதானப்படுத்தியது?

2005 ஏப்ரல் 30 அன்று வந்த 'டாலெக்'. ஷீர்மன் தன் ஒலி நாடகம் ஒன்றை ஒட்டி எழுதியது. பூமிக்கடியில் ஒரு கோடீஸ்வரரின் அருங்காட்சியகத்தில் சங்கிலியில் கட்டிக்கிடக்கும் ஒரே ஒரு டாலெக். கை இருக்க வேண்டிய இடத்தில் குழாய் அடைப்பு எடுக்கும் ரப்பர்க் கிண்ணம். நாற்பது வருடமாக ஊரே சிரித்த கிண்ணம். இதில் அந்தக் கிண்ணத்தாலேயே ஒருவன் முகத்தைக் கவ்விக் கொல்லும். இதனால் படியேற முடியாது என்று இன்னொரு பழைய கேலி. மெதுவாக அந்தரத்தில் எழும்பிப் படியேறும். 1988-இலேயே ஏறிவிட்டது என்று எங்கள் தலைமையாசிரியர் உடனே திருத்துவார். அவர் சொல்வது சரிதான். எனினும் அன்று அவர் மாடிக்குப் போகவில்லை.

ரசிகர்களையே கேலி செய்யும் அத்தியாயம் ஒன்று உண்டாமே?

உண்டு, 2006-இல் வந்த 'லவ் அண்ட் மான்ஸ்டர்ஸ்'. டாக்டரைத் தேடும் சில தனிமையான ஆட்கள் ஓர் அறையில் கூடுகிறார்கள். தேடுவதைவிட, பலகாரம் கொண்டுவருவதும் பாட்டுப் பாடுவதும் சிநேகம் ஆவதுமாக நாட்கள் போகின்றன. அப்போது அதட்டலான ஒருவர் வந்து, இதெல்லாம் வீண், ஒழுங்காக ஆராய்ச்சி செய்யுங்கள் என்று ஆளுக்கொரு வேலை வைக்கிறார். அவர்தான் அரக்கன், ஒவ்வொருவராக விழுங்குகிறான். அந்த அரக்கனின் உருவம் பிபிசி சிறுவர் நிகழ்ச்சி நடத்திய போட்டியில் ஒரு சிறுவன் வரைந்து பரிசு பெற்றது.

ரசிகர்களில் பாதிப் பேர் இதை எல்லாக் காலத்துக்கும் மோசமான அத்தியாயம் என்பார்கள். முடிவில் வரும் ஒரு ரசக்குறைவான நகைச்சுவையை வைத்துப் பார்த்தால் கோபம் புரிகிறது. நான் மற்ற பாதி. அந்த அறையை எனக்குத் தெரியும். அதட்டும் ஆளையும் தெரியும்.

பெண் டாக்டர் வந்தபோது நடந்த கூச்சல் உண்மையா, ஊதிப் பெருக்கியதா?

இரண்டும். 2017 ஜூலையில் ஜோடி விட்டேக்கர் அறிவிக்கப்பட்டதும் வந்த வசைகள் உண்மை. விமர்சனம் வேறு, ஒரு நடிகையைப் பெண் என்பதற்காக அல்லது ஒரு நடிகரைக் கறுப்பர் என்பதற்காகத் தூற்றுவது வேறு. இரண்டாவதைச் செய்பவருக்கு எங்கள் மாடியில் நாற்காலி கிடையாது. ஆனால் பெரும்பாலான ரசிகர்கள் எதிர்த்தார்கள் என்பது கட்டுக்கதை. 2018 அக்டோபர் 7 அன்று அவருடைய முதல் அத்தியாயத்தையும் ஒரு கோடிக்கு மேற்பட்டவர்கள் பார்த்தார்கள். பிறகு எண்ணிக்கை சரிந்ததற்கு என் கணிப்பில் காரணம் எழுத்து. கதாபாத்திரங்கள் நால்வர், வசனம் ஆளுக்கு இரண்டு வரி, நால்வரும் எதிரே நிற்பவரிடம் விளக்கம் கேட்டுக்கொண்டே இருந்தால் எந்த நடிகையால் காப்பாற்ற முடியும்?

சிப்னல் டாக்டரின் பிறப்பையே மாற்றினார் என்கிறார்களே, அதில் என்ன அவ்வளவு கோபம்?

2020 மார்ச் 1 அன்று வந்த அத்தியாயம். 1963-இல் பார்த்தவர் முதல் டாக்டரே அல்ல, அதற்கு முன் கணக்கற்ற பிறவிகள் இருந்தன; டாக்டர் எங்கிருந்தோ வந்து கண்டெடுக்கப்பட்ட குழந்தை; காலிஃப்ரே மக்களின் மறுபிறப்பு ஆற்றலே அந்தக் குழந்தையிடமிருந்து எடுத்ததுதான் என்று சொன்னது.

நம் பக்கத்து ஆளுக்கு இதைப் புரியவைக்க முத்துப்பட்டன் கதையைத்தான் சொல்வேன். வில்லுப்பாட்டில் கேட்டிருப்பீர்கள். பிராமணனான முத்துப்பட்டன், செருப்புத் தைக்கும் வாலப்பகடையின் பெண்கள் பொம்மக்கா, திம்மக்கா இருவரையும் மணக்கிறான். தன் சாதியை விட்டு அந்த வேலையையே செய்யவும் துணிகிறான். சில பாடங்களில் ஒரு விளக்கம் நுழைந்திருக்கும்: அந்தப் பெண்கள் பிறப்பால் பிராமணப் பிள்ளைகள்தான், வாலப்பகடை எடுத்து வளர்த்தான் என்று. நா. வானமாமலை போன்ற ஆய்வாளர்கள் இதைப் பிற்சேர்க்கை என்றார்கள். ஒரே ஒரு பிறப்புச் செய்தியை மாற்றினால் முத்துப்பட்டன் செய்த காரியத்தின் கனமே போய்விடுகிறது அல்லவா? ரசிகர்களின் வாதமும் அதுதான். டாக்டர் சாதாரணர், பரீட்சையில் சுமாராகத் தேறியவர், பழைய வண்டியைத் திருடிக்கொண்டு ஓடியவர். அவரைத் தெய்வக் குழந்தை ஆக்கிவிட்டால் அவர் செய்யும் நல்லதெல்லாம் பிறவி மகிமை ஆகிவிடும்.

இந்தக் கோபத்தை நான் மதிக்கிறேன். பதினாறு வயது சிப்னலாக இருந்திருந்தால் இதைவிடக் கடுமையாகப் பேசியிருப்பார்.

அண்ணாச்சி, இது அறிவியல் புனைகதை என்கிறீர்களே, ராக்கெட் எங்கே?

மகேந்திரகிரிக்காரர்களின் கேள்வி. திரவ எரிபொருள் என்ஜின்களையும் கிரையோஜெனிக் என்ஜின்களையும் சோதித்துப் பார்க்கிற இடத்தில் வேலை செய்துவிட்டு, தொலைபேசிக் கூண்டு பறப்பதைப் பார்த்தால் எரிச்சல் வரத்தான் செய்யும். அவர்களுக்கு என் பதில்: இங்கே எரிபொருள் கணக்குக் கேட்காதீர்கள். அப்படியும் வாராவாரம் வருகிறார்கள்.

இந்தியச் சம்பந்தம் ஏதாவது?

2018 நவம்பர் 11 அன்று வந்த 'டீமன்ஸ் ஆஃப் தி பஞ்சாப்' பார்க்க வேண்டும். வினய் படேல் எழுதியது. 1947, பிரிவினை, புதிதாகப் போடப்பட்ட எல்லைக்கோட்டருகே ஒரு இந்து மாப்பிள்ளைக்கும் முஸ்லிம் பெண்ணுக்கும் கல்யாணம். வேற்றுக்கிரகத்தவர்கள் வருகிறார்கள், ஆனால் கொலை செய்வது அவர்கள் இல்லை. சிப்னல் காலத்தை அடியோடு வெறுப்பவர்களும் இந்த ஒன்றை விட்டுவிடுவார்கள்.

இப்போது நிலைமை என்ன?

2023-இல் டேவிஸ் திரும்பினார். பிரிட்டனுக்கு வெளியே டிஸ்னி வழியாகத் தொடர் போனது. ஷூட்டி காட்வா பதினைந்தாவது டாக்டர். பணம் கூடியது, கண்ணுக்குக் குளிர்ச்சியும் கூடியது, கதை கூடவில்லை என்பது எங்கள் கூட்டத்தில் ஏறக்குறைய எல்லாரும் ஒத்துப்போகும் அபூர்வமான தீர்ப்பு. 2025 மே 31 அன்று காட்வா உருமாறியபோது தெரிந்தது பில்லி பைப்பர் முகம். நடிக்கத் தெரியுமா என்று இருபது வருடம் முன்பு கேட்கப்பட்ட அதே பைப்பர். அவர் டாக்டராகவே வந்தாரா என்பதைக்கூடச் சொல்லாமல் முடித்தார்கள். அக்டோபரில் டிஸ்னி விலகியது தெரிந்தது. 2026 கிறிஸ்துமஸுக்கு டேவிஸ் எழுதும் அத்தியாயம் உண்டு என்று பிபிசி அறிவித்தது. தொடர் முடிந்தது என்கிறார்கள். மேலே சொன்ன கணக்கில் ஒன்று கூட்டிக்கொள்ளுங்கள்.

நான் எதில் தொடங்கட்டும்?

1963-இலிருந்து பார்க்கிறேன் என்று யாராவது வீரம் பேசினால் தடுக்க மாட்டேன், ஆனால் பின்னால் வரவும் மாட்டேன். 2007-இல் வந்த 'பிளிங்க்' போதும். கண் சிமிட்டினால் நெருங்கி வரும் கல் தேவதைகள். டாக்டர் சில நிமிடங்களே வருவார். முன்கதை எதுவும் வேண்டாம். பிடித்தால் 2005-இன் 'தி எம்ப்டி சைல்ட்', அதன் தொடர்ச்சியான 'தி டாக்டர் டான்ஸஸ்' இரண்டையும் ஒரே மூச்சில் பாருங்கள். குண்டு விழும் 1941 லண்டனில், வாயுக்கவசம் முகமாகவே ஆகிப்போன ஒரு சிறுவன், எதிர்ப்படுகிற எல்லாரிடமும் நீ என் அம்மாவா என்று கேட்டுக்கொண்டு வருவான். அதன் பிறகு முதல் அத்தியாயத்துக்குப் போகலாம். வாயு வெளியேற்றும் குடும்பம் நான்காவது அத்தியாயத்தில் வருகிறது. அப்போது மாடிக்கு வழி வலதுபக்கம்.